சிறைச்சுவருக்குள் தைத்த பரிசுகள்



லண்டன் நகரத்தில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. பீரங்கியும் போர் விமானமும் வைத்திருக்கிற அந்த இடத்தில் ஒரு பழைய ஒட்டுத்துணிப் போர்வையையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கிழிந்த சட்டை, பழைய பாவாடை ஆகியவற்றிலிருந்து வெட்டி எடுத்த சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை அது. தைத்தவர்கள் 8 வயது முதல் 16 வயது வரையிலான சிறுமிகள். தைத்த இடமோ, நமக்கு அடுத்த வீடு போன்ற சிங்கப்பூர். அங்கே சாங்கி சிறைச்சாலையில், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், ஒருவருடைய பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுப்பதற்காக அதைத் தைத்தார்கள்.

இன்றைய பேச்சு அந்தப் போர்வையைப் பற்றியும், அதே சிறையில் அதே காலத்தில் கையால் செய்யப்பட்ட வேறு சில பரிசுகளைப் பற்றியும்.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். குளிர் நாடுகளில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டுப் பெண்கள் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு நீண்ட ஊசிகளைக் கொண்டு காலுறை, கையுறை, கழுத்தில் சுற்றிக்கொள்ளும் துண்டு என்று ஒவ்வொன்றாகப் பின்னுவார்கள். அடுப்பு வேலை முடிந்து, பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு கிடைக்கிற நேரந்தான் அதற்கு. கடையில் வாங்கிக் கொடுக்கக் காசில்லாத வீட்டிலும் இப்படிப் பண்டிகைப் பரிசு உண்டு. 1914-ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டபோது, போர்முனையிலிருந்த வீரர்களுக்காக 3 இலட்சம் ஜோடிக் காலுறைகளும் 3 இலட்சம் இடுப்புப் பட்டைகளும் பின்னித் தரவேண்டும் என்று பிரிட்டிஷ் அரசியார் மேரி நாட்டுப் பெண்களைக் கேட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்துச் சிறுமிகள்கூட ஊசியைக் கையில் எடுத்தார்கள். அந்தத் தலைமுறைச் சிறுமிகள் சிலர்தாம் பின்னாளில் துரைசானிகளாகவும் தாதிகளாகவும் ஆசிரியைகளாகவும் மலாயாவுக்கு வந்தவர்கள். நம்முடைய வெயிலுக்குக் கம்பளி எதற்கு? ஆனால் ஊசி பிடித்த பழக்கம் கையை விட்டுப் போய்விடவில்லை.

இனிச் சிறைக்கு வருவோம். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது. 70 நாட்களுக்குள் எல்லாம் முடிந்தது. 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நாளன்று சிங்கப்பூர் சரணடைந்தது. ஜப்பானியர் வெள்ளைக்காரக் குடிமக்களை ஓரிடத்தில் கூட்டிக் கணக்கெடுத்துக் கத்தோங் வட்டாரத்திற்கு அனுப்பினார்கள். அவர்களை அங்கே அடைத்து வைத்த இடங்களில் காரைக்கால் மஹால் என்ற மாளிகையும் ஒன்று. நம் காரைக்காலிலிருந்து வந்து மாட்டு வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த மூனா காதர் சுல்தான் கட்டிய மாளிகை அது. சொந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்.

அங்கிருந்து 1942 மார்ச் 8-ஆம் நாள் ஏறக்குறைய 400 பெண்களும் பிள்ளைகளும் சாங்கியை நோக்கி நடத்தப்பட்டார்கள். சுமார் 8 மைல் தூரம். உச்சி வெயில். ஆண்கள் இரண்டு நாள் முன்னதாகவே அங்கே கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். சாங்கி சிறை 1936-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 600 கைதிகளுக்கென்று கட்டிய கட்டடத்தில் பிறகு 3,000 பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே சுவர். கணவன் அந்தப் பக்கம், மனைவி இந்தப் பக்கம். இராணுவத்தில் இருந்த கணவன்மாரோ சிறைக்கு வெளியே, சாங்கி வட்டாரத்துப் படைமுகாம்களில் போர்க்கைதிகள். உயிரோடிருக்கிறார்களா இல்லையா என்பதே பல பெண்களுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நேயர்களில் சிலர் கேட்கலாம்: துரைசானிகள் பட்ட பாட்டை நமக்கு எதற்குச் சொல்ல வந்தாய்? பங்களாவில் ஆயா ஒருத்தி, சமையலுக்கு ஒருவர், தோட்ட வேலைக்கு ஒருவர் என்று வாழ்ந்தவர்கள்தானே அவர்கள் என்று. கேள்வி நியாயமானது. அந்தக் காலத்தில் லயத்து வீட்டுக்கும் பங்களாவுக்கும் இடையே இருந்த தூரம் 8 மைலுக்கும் அதிகம். அதை மனத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள். பின்னால் நம்முடைய கதைக்கும் வருகிறேன்.

சிறையிலிருந்த பெண்களில் எலிசபெத் என்னிஸ் என்ற தாதி ஒருவர். சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் இராணுவ மருத்துவர்; அவரும் போர்க்கைதியானார். புதுமணப்பெண் சிறையில் சும்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. அங்கேயிருந்த சிறுமிகள் சுமார் 20 பேரைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றைத் தொடங்கினார். வாரம் ஒரு முறை சிறை முற்றத்தின் ஒரு மூலையில் கூடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாரத்தில் எதிர்பார்த்திருக்க அது ஒன்றுதான் இருந்தது.

தலைவிக்குப் பிறந்தநாள் வருகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாமலே ஒரு போர்வை தைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். கடை இல்லை, காசு இல்லை, துணியும் இல்லை. நூலுக்குப் பழைய உடையின் தையலைப் பிரித்தார்கள். பிரித்தால் எவ்வளவு நீளம் வரும்? ஒரு சாண் வந்தால் பெரிது. ஊசி கிடைப்பதே அருமை; ஒருவர் தைத்து முடித்தால்தான் இன்னொருவர் கைக்கு வரும். வீட்டில் ஊசி தொலைந்தால் "போனால் போகிறது, வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்கிறோம். அங்கே ஊசி தொலைந்தால் வேலையே நின்றுபோகும்.

துண்டுகளைத் தேன்கூட்டின் அறையைப் போல ஆறு பக்கம் வருமாறு வெட்டினார்கள். நடுவே ஒரு துண்டு, அதைச் சுற்றி ஆறு துண்டு. சேர்த்துத் தைத்தால் ஒரு பூ. தையல் தெரிந்த பெண்களுக்கு இதன் பயன் புரியும். சதுரமாக வெட்ட வேண்டுமானால் ஓரளவு பெரிய துணி வேண்டும். இந்த ஆறுபக்கத் துண்டுக்கு உள்ளங்கை அகலத் துணி போதும். சட்டையின் கைப்பகுதி, பாவாடையின் ஓரம், கிழிந்தது போக மிஞ்சிய எதுவும் பயன்படும். குப்பையில் போட வேண்டியது ஒன்றுகூட இல்லை. பூக்களின் நடுத்துண்டில் தைத்த பிள்ளைகளின் பெயர்களை நூலால் எழுதினார்கள். அதைப் பெற்றுக்கொண்ட எலிசபெத் என்னிஸ் கடைசி வரையில் போற்றிப் பாதுகாத்தார். அதனால்தான் இன்று நாம் பார்க்க முடிகிறது.

பிள்ளைகளின் இந்த வேலை பெரியவர்களுக்கும் ஒரு யோசனையைக் கொடுத்தது. ஈதெல் மல்வேனி என்ற கனடா நாட்டுப் பெண்மணி செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் அங்கே பணிசெய்து வந்தார். பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கு 6 அங்குலச் சதுரமாக ஒரு வெள்ளைத் துணி கொடுப்பது. அதில் அவரவர் விரும்பியதைப் பூத்தையலாகத் தைப்பது. கீழே தம்முடைய பெயரையும் தைப்பது. இப்படி 66 சதுரங்களைச் சேர்த்தால் ஒரு போர்வை. மொத்தம் மூன்று போர்வைகள் செய்தார்கள். ஒன்று காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு, இன்னொன்று காயம்பட்ட ஆஸ்திரேலிய வீரர்களுக்கு. மூன்றாவது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு!

சிறை வைத்தவனுக்கே பரிசா என்று வியக்கத் தோன்றும். இதில் இரக்கமும் உண்டு, கெட்டிக்காரத்தனமும் உண்டு. உங்கள் வீரர்களுக்கும் சேர்த்துத்தான் தைக்கிறோம் என்று சொன்னால், மற்ற இரண்டும் காவலரைத் தாண்டி மருத்துவமனைக்குப் போகத் தடை குறையும் அல்லவா? கைதிகளுக்குள்ளே செய்தி அனுப்ப அனுமதி கிடையாது. ஆனால் போர்வையில் பெயர் இருக்கிறது. நோயாளி ஒருவன் தன்மேல் போர்த்திய துணியில் நண்பனுடைய மனைவியின் பெயரைப் படித்தால், அந்தச் செய்தி ஆள்மேல் ஆளாகப் போய்ச் சேரும். உன் மனைவி உயிரோடிருக்கிறாள் என்று தெரிவிக்க ஒரு பெயர் போதும். அஞ்சல் இல்லாத இடத்தில் அந்தப் போர்வைகளே அஞ்சலாயின. என்னைக் கேட்டால், அழகுக்காகத் தைத்தார்கள் என்பதைவிட இதற்காகத் தைத்தார்கள் என்பதே பொருத்தம்.

சதுரங்களில் என்னென்ன தைத்தார்கள்? சொந்த வீடு, வீட்டுத் தோட்டம், கப்பல், தாய்நாட்டின் வரைபடம், பூக்கள். ஒரு சதுரத்தில் சிறையறையையே படமாகத் தைத்து, இனிய இல்லம் என்று கேலியாக எழுதியிருக்கிறார் ஒருவர். தைப்பிங்கில் பிறந்த ஷீலா ஆலன் என்ற பெண்ணுக்கு அப்போது 17 வயது. தந்தை ஆஸ்திரேலியர், தாய் ஆசியப் பெண். தாம் கண்ணால் கண்டிராத தந்தையின் நாட்டை வரைபடமாகத் தைத்து அதற்குள் ஒரு கங்காருவையும் தைத்தார். சிறையில் அவர் மறைத்து எழுதிவந்த நாட்குறிப்பு பிற்காலத்தில் நூலாகவும் வந்தது. ஜப்பானிய வீரர்களுக்கான போர்வையில் வம்பு எதுவும் வராதபடி பெரும்பாலும் பூக்களாகவே தைத்திருக்கிறார்கள். பின்பக்கத்தில், உங்கள் துன்பத்துக்காக நாங்கள் இரங்குகிறோம் என்ற கருத்துப்பட எழுதி, ஆண்டையும் ஜப்பானியக் கணக்குப்படி 2602 என்று போட்டார்கள். கூடவே, இந்தப் போர்வையைத் தண்ணீரில் துவைக்காமல் உலர்சலவை செய்வது நல்லது என்றும் ஒரு குறிப்பு! பசியும் நோயுமாகக் கிடந்த இடத்தில் சலவைக் குறிப்பை எழுதத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தைத்த போர்வை இன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. மற்ற இரண்டும், ஜப்பானியருக்குத் தைத்தது உட்பட, ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரிலுள்ள போர் நினைவகத்தில் இருக்கின்றன.

1942-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வந்தது. இப்போது பரிசு எதிர்த்திசையிலிருந்து கிளம்பியது. படைமுகாமில் இருந்த போர்க்கைதிகள், சிறைக்குள்ளிருந்த பிள்ளைகளுக்காக விளையாட்டுப் பொருட்கள் செய்யத் தொடங்கினார்கள். கிடைத்த மரத்துண்டும் தகரமும் துணியுமே மூலப்பொருள். துப்பாக்கி பிடித்த கைகள் பொம்மை செய்தன. டேவிட் கிரிஃபின் என்ற ஆஸ்திரேலிய சார்ஜன்ட் ஒரு கதையை எழுதினார். லெஸ்லி கிரீனர் என்ற கேப்டன் படம் வரைந்தார். ஒரு தவளை, ஒரு குரங்கு, நம் வீட்டுச் சுவரில் ஓடும் சீச்சாக் எனப்படும் பல்லி ஆகிய மூன்றும் சேர்ந்து, மகிழ்ச்சியின் இரகசியம் அடங்கிய ஒரு பெட்டியைக் கண்டெடுக்கும் கதை. தட்டச்சு செய்து, படங்களுக்கு வண்ணம் தீட்டி, ஒழுங்காகக் கட்டி ஒரே ஒரு பிரதி தயாரித்தார்கள்.

வினை பல்லியின் பெயரில் வந்தது. அதற்கு வின்ஸ்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் பெயர். ஜப்பானிய அதிகாரிகள் இதில் இரகசியச் செய்தி இருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். புத்தகத்தை அழித்துவிடுவதற்குப் பதிலாக அதை மண்ணில் புதைத்துவைத்தார்கள் கைதிகள். பிள்ளைகளுக்கென்று செய்த பரிசு அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. போர் முடிந்ததும் தோண்டி எடுத்து, 1947-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் அச்சிட்டார்கள். கதையை எழுதிய கிரிஃபின் பின்னாளில் சிட்னி மாநகரின் மேயராகவும் இருந்தார்.

இவ்வளவும் நடந்தது 1942-இல். அடுத்த ஆண்டு நிலைமை மோசமாகிவிட்டது. 1943 அக்டோபர் 10-ஆம் நாள் ஜப்பானிய இராணுவக் காவல்துறையான கெம்பெய்தாய் சிறைக்குள் புகுந்து சோதனை போட்டது. துறைமுகத்தில் கப்பல்கள் வெடித்ததற்குச் சிறையிலிருந்துதான் யாரோ உளவு சொன்னார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். 57 பேரைப் பிடித்துச் சென்றார்கள். அவர்களில் 15 பேர் உயிரோடு திரும்பவில்லை. வெளியேயிருந்து கைதிகளுக்குப் பொருளும் செய்தியும் கொடுத்து உதவிய எலிசபெத் சோய் என்ற ஆசிரியை ஏறக்குறைய 200 நாட்கள் சித்திரவதைப்பட்டார். சிறைக்குள் இருந்த பெண்களிலும் சிலர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். 1939-இல் சிங்கப்பூரில் ஒரு கூட்டத்தில் எழுந்து, கைக்குழந்தைகளுக்குச் சீனிப்பால் டின்னைக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்று துணிந்து பேசியவர் அவர். அந்தப் பால் டின் நம் லயங்களிலும் எத்தனை பிள்ளைகளின் வாயில் போயிற்று என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். அது தனியே பேச வேண்டிய கதை.

அந்த அக்டோபருக்குப் பிறகு உணவு குறைந்தது. கூட்டம், பள்ளி, இசை எல்லாம் தடையாயின. 1944 மே மாதத்தில் குடிமக்கள் கைதிகளைச் சைம் சாலை முகாமுக்கு மாற்றினார்கள். 1945 செப்டம்பரில்தான் அவர்களுக்கு விடிந்தது.

இனி நம்முடைய கதை. அதே மூன்றரை ஆண்டுகளில் தோட்டங்களில் என்ன நடந்தது? பால் வாங்க ஆளில்லை, கப்பல் இல்லை. ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் முடங்கிக் கிடந்தன. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. துணி வரத்தும் நின்றது. இருந்த சேலையும் வேட்டியும் நைந்துபோன பிறகு கோணிச்சாக்கைப் பிரித்துத் தைத்து உடுத்திக்கொண்டார்கள். சாங்கியில் பிள்ளைகள் பழந்துணியின் நூலைப் பிரித்த அதே நாட்களில், நம் பெண்கள் சாக்கின் சணலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தைத்தது பரிசு அல்ல, மானம் மறைக்க. ஆனாலும் தீபாவளி அன்று பிள்ளைக்கு ஏதாவது ஒன்றைப் புதிதாகப் போட்டுப் பார்க்க எந்தத் தாய்தான் நினைத்திருக்கமாட்டாள்?

அவர்களுடைய கணவன்மாரும் அண்ணன் தம்பிகளும் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அந்தப் பாதை போட மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் ஆசியத் தொழிலாளர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர். திரும்பி வராதவர்கள் பல்லாயிரம். அதே பாதையில் இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. கல்லில் பெயர் இருக்கிறது. நம்மவர் எங்கே புதைந்தார், எந்த ஆற்றில் போனார் என்று எழுதி வைத்த பட்டியல் இல்லை. சாங்கியில் 6 அங்குலத் துணியில் தைத்த பெயரைப் பார்த்து மனைவி உயிரோடிருக்கிறாள் என்று அறிந்துகொண்டவர்கள் உண்டு என்றால், லயத்தில் காத்திருந்த மனைவிக்குச் சயாமிலிருந்து அப்படி எந்தத் துணியும் வரவில்லை. போனவர் வருவார் என்று பொட்டு அழிக்காமல் கடைசிவரை இருந்த பெண்கள் நம் தோட்டங்களில் இருந்தார்கள். துரைசானிகளின் ஊசிவேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களும் பசித்திருந்தார்கள், பயந்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய பெயர்கள் மிஞ்சின என்பதற்கு, பெயரை எழுதத் தெரிந்திருந்ததும் ஒரு காரணம். நம் பாட்டிமார்களில் பலருக்கு அந்தக் காலத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான்.

பழைய சாங்கி சிறைக் கட்டடம் இப்போது இல்லை. அதை இடித்துப் புதிய சிறை கட்டினார்கள். நுழைவாயிலும் மதிற்சுவரின் ஒரு பகுதியும் இரண்டு காவற்கோபுரங்களும் மட்டும் நிற்கின்றன. 2016-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசு அவற்றைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

இந்த வரலாற்றை வகுப்பில் சொன்ன பிறகு, கைவேலைப் பாடத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 6 அங்குலத் துணி கொடுத்தேன். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் இருந்த உங்கள் பூட்டன் அல்லது பூட்டியின் பெயரை வீட்டில் கேட்டுத் தைத்து வாருங்கள் என்றேன். ஒரு வாரம் வரை வீடுகளில் இதே பேச்சாகிவிட்டது என்று பெற்றோர் வந்து சொன்னார்கள். சிலர் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் தைத்து வந்தார்கள். ஒரு பையன் பெயரும் தைத்து, பக்கத்தில் ஒரு பால்வாளியும் தைத்திருந்தான். ஐந்தாறு பிள்ளைகள், வீட்டில் யாருக்கும் பெயர் தெரியவில்லை டீச்சர் என்று வெறுந்துணியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். போர்வையில் அவற்றையும் நடுவே வைத்துத்தான் தைத்தோம்.